ஓட்டையே இல்லாத கூரை

பரணுக்குள் தலையை நுழைத்ததுமே கம்போ மணந்தது. அந்த மணத்துக்கு நாக்கில் எச்சில் ஊற வேண்டும். நானோ ஏணிப்படியிலேயே நின்று இன்னொரு தடவை மோந்து பார்த்தேன்.

கீழே சமையல்கட்டில் மிஸ் யூலலி பெரிய அண்டாவில் கோழியும் தொத்திறைச்சியும் போட்டுக் கம்போ குழம்பைக் கொதிக்க வைத்திருந்தார். குழம்பு கீழே மணக்கட்டும், யார் வேண்டாம் என்றது? கூரைக்கு அடியில் மணக்கக் கூடாது. ஒழுங்கான பரணில் தூசியும் எலிப் புழுக்கையும் வெயிலில் வறண்ட மரமும்தான் வாடை அடிக்கும். சாப்பாடு மணந்தால், வெளியே போக வேண்டிய ஆவி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூரை சோதிக்கிறவளாகப் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் பெயர் ஆர்த்தெமீஸ். லூசியானாவின் தெற்கு ஓரத்தில், நெல் வயலுக்கும் சதுப்புக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் நான் மிஸ் ஆர்த்தெமீஸ். வெயில் ஒரு பக்கம், புயல் ஒரு பக்கம் என்று மாறி மாறி அடிப்பதால் எனக்கு வேலைக்குப் பஞ்சமே வந்ததில்லை. ஆனால் சர்ச்சுக்கு எதிரே, முற்றத்தைத் தாண்டி இருக்கும் இந்தப் பங்கு ஹாலின் கூரையை மட்டும் நான் சோதித்ததில்லை. சோதிக்க விடவில்லை. அதைப் போட்ட ஓவீட், "நம்ம கையால போட்டதுக்கு எதுக்கு வெளிச் சான்றிதழ்" என்று சொல்லிவிட்டான். காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய ஆள் காரை விட்டுக்கூட முழுசாக இறங்கவில்லை. ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டு, பளபளக்கும் தகடுகளைப் படம் எடுத்துக்கொண்டு, குளிர்சாதனம் ஓடும் காரிலேயே திரும்பிவிட்டான். மேலே இருந்து பார்த்தால் அந்தக் கூரைக்கு என்ன குறை? கண்ணாடி மாதிரி மின்னியது.

புயல் டெக்ஸாஸ் பக்கம் போகிறது என்றுதான் முந்தின நாள் வரை சொன்னார்கள். இரவோடு இரவாக வீங்கி, விடியற்காலையில் எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டது. ஜனங்கள் எழுந்து காப்பி போடுவதற்குள் காற்று ஏறிவிட்டது என்று பாலத்தை மூடிவிட்டார்கள். வடக்கே ஓட வழி இல்லை. கார் இல்லாதவர்கள், வயசானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், என்னைப் போல் திமிர் பிடித்தவர்கள் என்று மிச்சம் இருந்த எல்லாரும் பங்கு ஹாலுக்கு வந்தார்கள். புதுக் கூரை இருக்கிறதே.

பங்குத்தந்தை ஒபின்னா நைஜீரியாவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. இது அவருக்கு முதல் புயல். காலையில் என்னைப் பார்த்ததும் தனியாக அழைத்துப் போனார்.

"மிஸ் ஆர்த்தெமீஸ், ஒரு தடவ மேல ஏறிப் பாத்துட்டு ஒண்ணும் பயமில்லன்னு சொல்லிடுங்களேன். ஜனங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வரும்."

"பாத்துட்டுத்தான் சொல்லுவேன் ஃபாதர். பாக்காமலே நம்பச் சொல்றது உங்க வேல."

அவர் சிரித்தார். உதடு மட்டும்தான் சிரித்தது.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஓவீட்தான். "ஏறு, ஏறு. நல்லா கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு. ஒரே ஒரு ஓட்டை காட்டிட்டா இந்த ஏணிய நான் தின்னுடறேன்," என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊரே பெருமை பேசும் வாசகம் அது: ஓட்டையே இல்லாத கூரை.

அந்தப் பெருமைக்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கேலி செய்ய எனக்கும் மனசு வராது. முந்தின புயலில் பழைய கூரையின் குழாய் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் கொட்டியது. சமையல் புகைக்குழாய், கழிவறைக் குழாய் என்று எங்கெல்லாம் கூரையைத் துளைத்திருந்தார்களோ அங்கெல்லாம் அருவி. ராத்திரி முழுக்க எல்லாரும் நனைந்துகொண்டு நின்றோம். ஓவீட்டின் மனைவி லூசீலுக்கு அதில் நெஞ்சில் சளி கட்டியது, பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை. லூசீல் என் உயிர்த்தோழி. அவர்களுடைய ஒரே மகள் நொயெமீக்கு நான் ஞானத்தாய். எங்கள் பக்கம் ஞானத்தாயை 'நனான்' என்று கூப்பிடுவார்கள்.

அடக்கம் முடிந்து வந்த ஓவீட் சுத்தியலை எடுத்தான். ஊர் ஆண்களைச் சேர்த்துக்கொண்டு புதுத் தகடு போட்டான். தகட்டில் ஒரு துளைகூடப் போட விடவில்லை. அந்தக் குழாய்களை எல்லாம் என்ன செய்தான் என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிற மனிதனிடம் குழாயைப் பற்றியா விசாரிப்பது.

இப்போது கேட்காமலே தெரிந்தது.

பரணில் மண்டியிட்டுப் போனேன். செப்டம்பர் மாதத்துப் பரண் அடுப்பு மாதிரி காயும், அது எனக்குப் பழக்கம். இது காயவில்லை. கொதிக்கும் அண்டாவுக்குள் போன மாதிரி இருந்தது. நெற்றி விளக்கின் கண்ணாடி நிமிஷத்தில் மங்கிவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால், எக்ஸாஸ்ட் விசிறியின் பெரிய குழாய் தகட்டுக்குச் சற்றுக் கீழே அறுபட்டு நின்றது. அதன் வாயிலிருந்து மிஸ் யூலலியின் கம்போ ஆவி புஸ்ஸென்று வந்து தகட்டில் மோதி, முத்து முத்தாகத் திரும்பச் சொட்டியது. பக்கத்தில் கழிவறைக் குழாய்களும் அப்படியே. தவக்கால வெள்ளிக்கிழமைதோறும் இந்த ஹாலில் ஊருக்கே மீன் பொரிக்கிறோமே, அந்த ஆவியும் எண்ணெயும் அத்தனையும் வெளியே போக வழியில்லாமல் இங்கேதான் தங்கியிருக்கிறது.

கூரையின் அடிப்பக்கம் முழுக்க, சுவரின் தலை வரைக்கும், மஞ்சள் நுரை அடித்திருந்தார்கள். வெயில் இறங்காமல் இருக்க இப்போது எல்லாரும் அடிக்கிறார்கள். தெளித்ததும் பொங்கி இறுகிவிடும். ஹால் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் மரம் இருக்கிறதா மண் இருக்கிறதா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மேடைப் பக்கத்து மூலையில் கத்தியால் நுரையைக் கீறி எடுத்தேன். கைமரத்தைச் சுவரோடு கட்டியிருக்கும் இரும்புப் பட்டை புதுசு மாதிரி இருந்தது, ஆணி எல்லாம் இருந்தது, மரம் காய்ந்திருந்தது. மனசுக்குள் ஓவீட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் கீறினேன். அங்கேயும் சரிதான். 'கிழவி, உனக்கு எதிலும் சந்தேகம்' என்று என்னையே திட்டிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்தேன்.

அங்கே கத்தி நுரையைத் தாண்டியதே எனக்குத் தெரியவில்லை. பிடி வரைக்கும் இறங்கிய பிறகுதான், மரத்தில் ஏன் முட்டவில்லை என்று யோசித்தேன். முட்டியிருக்கிறது. மரம்தான் அது. நுரையை வழித்து எறிந்தேன். சுவரின் தலையில் படுத்திருக்க வேண்டிய உத்திரம் காப்பியில் ஊறிய ரொட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. இரும்புப் பட்டையைத் தொட்டதும் ஆணிகளோடு கையில் வந்தது. அடுத்த கைமரத்திலும் அப்படி, அதற்கு அடுத்ததிலும் அப்படி. அந்தப் பக்கத்துக் கூரை எதிலும் கட்டப்படவில்லை. சும்மா வைத்திருந்தது.

அப்போது வெளியே ஒரு பெரிய காற்று வந்தது. என் முகத்துக்கு நேரே, சுவருக்கும் கூரைக்கும் நடுவில், பகல் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. தெரிந்து, மறைந்தது. கொதிக்கும் பானையின் மூடி எழும்பி உட்காருமே, அப்படி. அடுத்த காற்றில் மறுபடியும் அந்தக் கோடு. இந்தத் தடவை கொஞ்சம் அகலம்.

எத்தனையோ கூரைகளின் மேல் நடந்திருக்கிறேன், விழுந்திருக்கிறேன், ஒரு தடவை விலா எலும்பையும் உடைத்துக்கொண்டிருக்கிறேன். இப்படிப் பயந்ததில்லை. பழைய கூரையாக இருந்தால் நாலு ஓடு பறக்கும், ஒரு மூலை கிழியும், மற்றது நிற்கும். இதில் ஒவ்வொரு திருகாணியும் இறுக்கமாக இருந்தது. போனால் மொத்தமாகப் போகும். அந்த வெளிச்சக் கோட்டுக்கு நேர் கீழே, சமையல்கட்டுச் சுவர் கதகதப்பாக இருக்கிறது என்று மடக்குக் கட்டிலைப் போட்டு, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத மகள் க்ளெலியோடு நொயெமீ படுத்திருந்தாள். அவள் புருஷன் கடலில் எண்ணெய்த் தளத்து வேலைக்குப் போய், பாலம் மூடியதால் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்து ஃபாதரையும் ஓவீட்டையும் மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.

"எல்லாரையும் சர்ச்சுக்கு மாத்தணும். இப்பவே. முற்றத்தத் தாண்டற அளவுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் காத்து விடும்."

ஃபாதர் கண்ணை விரித்தார். "சர்ச்சுக்கா? அங்க பீடத்து மேலயே வாளி வெச்சிருக்கோம்."

"ஒழுகும் ஃபாதர். நல்லா ஒழுகும். ஆனா அதோட கைமரம் ஒவ்வொண்ணும் செவுத்துல கட்டியிருக்கு, மரம் காஞ்சு கல்லா இருக்கு. நானே பாத்து எழுதிக் குடுத்தேன். மேல ஓடுகள மாத்துங்க, எலும்பு நல்லா இருக்குன்னு. நீங்க எல்லாரும் முதல் பாதியத்தான் படிச்சீங்க."

ஓவீட் என்னை மேலும் கீழும் பார்த்தான். "என் கூரைல ஓட்டையா?"

"இல்ல. அதான் வினை."

"ஆர்த்தெமீஸ், உன்னச் சோதிக்க விடாததுக்கு இன்னிக்குப் பழி வாங்கறியா? இந்த நேரத்துல?"

பளாரென்று ஒன்று வைத்திருப்பேன். லூசீலின் முகம் ஞாபகம் வந்தது. "மேல வா," என்றேன். "வந்து தொட்டுப் பாரு. அப்பறம் என்ன வேணா பேசு."

வந்தான். நான் விளக்கைப் பிடித்தேன். அவன் சுட்டுவிரலை உத்திரத்தில் வைத்து அழுத்தினான். விரல் கணு வரைக்கும் உள்ளே போனது. எடுத்தான். இன்னொரு இடத்தில் முழுக் கையால் அள்ளினான், கை நிறைய வந்தது. காற்று வந்தது. வெளிச்சக் கோடு அவன் முகத்தில் குறுக்காக விழுந்து போனது. அவன் அறுபட்ட குழாயைப் பார்த்தான், தகட்டில் தொங்கிய நீர்த்துளிகளைப் பார்த்தான்.

"தண்ணி மேலேர்ந்துதான் வரும்னு நெனச்சேன்," என்றான்.

அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கீழே போய் ஒரு வார்த்தை சொல்வான், எல்லாரும் கிளம்பிவிடுவார்கள் என்ற நிம்மதியும் இருந்தது. இந்த ஊரில் என் பேச்சை ஆயிரம் பேர் தட்டுவார்கள். ஓவீட் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

ஏணியிலிருந்து அவன் இறங்கியதும் ஹாலே திரும்பிப் பார்த்தது. சீட்டாட்டம் நின்றது. மிஸ் யூலலி கரண்டியோடு வாசலுக்கு வந்தார். "என்ன ஓவீட், ஏணிக்கு உப்பு காரம் போட்டு எடுத்துட்டு வரட்டா?"

அவன் எல்லார் முகத்தையும் பார்த்தான். கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல," என்றான். "மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆர்த்தெமீஸுக்கு வயசாச்சு."

சிலர் சிரித்தார்கள். சீட்டாட்டம் மறுபடி தொடங்கியது. இவ்வளவு கோழையா ஒரு மனிதன்? இன்றைக்கும் என்னால் அந்த நிமிஷத்தை மன்னிக்க முடியவில்லை, புரிந்துகொள்ள மட்டும் முடிகிறது. பெண்டாட்டி செத்ததற்குப் பதிலாக அவன் கட்டியது அந்தக் கூரை. அதை உளுத்தது என்று ஐம்பது முகத்துக்கு முன்னால் சொல்ல அவன் வாய் திறக்கவில்லை.

"பொய் சொல்றான்," என்று கத்தினேன். "பாவி, சொல்லுடா."

"மிஸ் ஆர்த்தெமீஸ், உக்காருங்க, தண்ணி குடிங்க," என்றார் யாரோ. ஃபாதர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். தகடு தலைக்கு மேல் ஒரு தடவை முனகியது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு, ஓவீட் பார்க்கவில்லை என்பதால், அவர்களும் குனிந்துகொண்டார்கள்.

நொயெமீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பாப்பாவக் கொஞ்சம் புடிப்பா. கை வலிக்குது."

"நீயே வெச்சுக்கம்மா."

குழந்தை பிறந்த நாளிலிருந்து கேட்காமலே பிடுங்கிக்கொண்டு போகிற மனிதன் அவன்.

"கையக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுப்பா."

அவன் அசையவில்லை. அவள் குழந்தையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து வந்து, அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பையிலிருந்து இழுத்தாள். விரல் முழுக்க, நகக்கண் முழுக்க, கறுப்பாய் ஈரமாய் மரக்கூழ் அப்பியிருந்தது. நொயெமீ அதைப் பார்த்தாள். அவன் தன் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டிலிலிருந்த போர்வையை எடுத்துக் குழந்தையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நனான், எந்த வாசல் வழியா போகணும்?"

அவ்வளவுதான். ஓவீட்டின் மகளே போகிறாள் என்றால் வேறு என்ன சான்று வேண்டும். நாற்காலிகள் விழுந்தன. மிஸ் யூலலி அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போனது.

முற்றத்தைத் தாண்டினோம். சாதாரண நாளில் பேசிக்கொண்டே நடக்கும் தூரம். அன்றைக்கு மழை படுக்கைவாட்டில் வந்து கன்னத்தைக் கிழித்தது. ஆண்கள் கையோடு கை கோத்து வேலி மாதிரி நின்றார்கள். அவர்களைப் பிடித்துப் பிடித்து மற்றவர்கள் போனார்கள். யார் வீட்டுத் தகரமோ ஒன்று எங்கள் தலைக்கு மேல் சுழன்று கல்லறைத் தோட்டத்துச் சிலுவையில் போய் மடங்கியது. நொயெமீ குழந்தையைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடந்தேன். கடவுளே, என் கணக்குத் தப்பாக இருந்தால், நடுவழியில் இவளுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு அடிக்கும் பயந்தேன்.

சர்ச்சுக்குள் வெளியே பெய்ததில் பாதி பெய்தது. மாதா சொரூபத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை.

"மிஸ் ஆர்த்தெமீஸ், ஒங்க நல்ல கூரைக்குக் கீழ என் தலை முழுசா நனஞ்சுடுச்சு," என்றார் மிஸ் யூலலி.

"தலை இருக்குல்ல, சந்தோஷப்படுங்க."

நிமிர்ந்து கைமரங்களைப் பார்த்தேன். காற்று அடித்தது, ஓடு சலசலத்தது, தண்ணீர் கொட்டியது. மரம் அசையவில்லை. அப்போதுதான் ஃபாதர் கேட்டார், "ஓவீட் எங்க?"

காற்று அடிக்காத பக்கம் என்பதால் பக்கவாட்டுக் கதவைக் கொஞ்சம் திறக்க முடிந்தது. எதிரே ஹால் வாசலில் அவன் நின்றிருந்தான், கையைக் கட்டிக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்தபடி. நான் கத்தினேன். அவன் கையை வீசிப் போகச் சொன்னான். அவனுக்குப் பின்னால், சமையல்கட்டுப் பக்கம், கூரை எழும்பி எழும்பி உட்கார்வது இங்கிருந்தே தெரிந்தது.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்," என்று ஃபாதர் அங்கியைத் தூக்கிச் செருகினார்.

நொயெமீ அவரைத் தடுத்தாள். "கூப்பிட்டா வரமாட்டார் ஃபாதர். வேற மாதிரி சொல்லணும்." கதவிடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு, காற்று ஒரு கணம் தணிந்தபோது உரக்கச் சொன்னாள்: "அப்பா, பாப்பா போர்வைய அங்கயே விட்டுட்டேன். அவளுக்குக் குளிருது. எடுத்துட்டு வாப்பா."

போர்வை அவள் கையில், குழந்தையைச் சுற்றி இருந்தது.

அவன் உடனே உள்ளே திரும்பினான். கெட்டிக்காரி என்று அவள் தோளைத் தட்டினேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வரமாட்டான், பேத்திக்குப் போர்வை கொண்டு வருவான், யாரும் அவனைக் குனிய வைத்ததாக ஆகாது. அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

"நொயெமீ, அவன் அத எங்கேர்ந்து எடுப்பான்?"

அவள் முகம் வெளுத்தது. அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. இல்லாத போர்வையை அவன் தேடிக்கொண்டிருப்பான். வெறுங்கையோடு வரமாட்டான். கட்டிலைக் கவிழ்த்துப் பார்ப்பான், நாற்காலிகளுக்கு நடுவே பார்ப்பான், ஒவ்வொரு மேஜையாகக் குனிவான். எந்தக் கூரையிலிருந்து அவனை வெளியே எடுக்கப் பார்த்தோமோ அதற்கடியிலேயே அனுப்பி வைத்துவிட்டோம்.

"கெடச்சிருச்சுப்பா. வாப்பா, கெடச்சிருச்சு," என்று அவள் அலறினாள். காற்று அந்தச் சத்தத்தை அவள் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். இரண்டு படி இறங்கியிருப்பேன், காற்று என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது. ஃபாதர் என் இடுப்பு வாரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

தரையில் கிடந்தபடி பார்த்தேன். சமையல்கட்டுப் பக்கம் கூரை எழும்பியது. இந்தத் தடவை உட்காரவில்லை. யாரோ பெட்டியைத் திறக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், எழும்பிக்கொண்டே போனது. மேடைப் பக்கத்து நல்ல பட்டைகள் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் வெடி மாதிரி கேட்டது. பிறகு மொத்தக் கூரையும், ஒரு தகடு பிரியாமல், ஒரு திருகாணி விடாமல், முழுசாகக் கிளம்பிக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி நெல் வயலுக்குப் போய்விட்டது.

நொயெமீ குழந்தையை வேகவேகமாக ஆட்ட ஆரம்பித்தாள். குழந்தை அழவே இல்லை, அவள் ஆட்டிக்கொண்டிருந்தாள். மிஸ் யூலலி ஜெபமாலையை எடுத்தார். நான்கு சுவருக்குள் மழை கொட்டுவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் லூசீலை நினைத்தேன். உன் மகளைக் காப்பாற்றி உன் புருஷனை விட்டுவிட்டேனே என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

ஹாலின் பக்கவாட்டுக் கதவு சாய்ந்தது. ஒரு ஆள் குனிந்து வெளியே வந்தான். ஒரு கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, மறு கையால் கல்லறைக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, மண்டியிட்டு மண்டியிட்டு வந்தான். கடைசித் தூரத்துக்கு நாலு ஆண்கள் ஓடிப் போய் இழுத்து வந்தார்கள்.

ஓவீட்டின் நெற்றி கிழிந்திருந்தது. முடியெல்லாம் சுண்ணாம்புத் தூள், அது ரத்தத்தோடு சேர்ந்து வழிந்தது. வயிற்றில் அடிபட்டதோ என்று நான் பதறினேன். அவன் சட்டையைத் தூக்கி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்தான். வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு விரிக்கும் சிவப்புக் கட்டம் போட்ட மேஜை விரிப்பு.

"போர்வை கெடைக்கலம்மா," என்றான். அவன் பற்கள் தந்தி அடித்தன. "எல்லா எடத்துலயும் தேடிட்டேன். அந்தப் பெரிய இரும்பு மேஜைக்கு அடியில பாத்துட்டு இருந்தேன், அப்பத்தான்..." மேலே கையைக் காட்டினான். "இது காஞ்சிருக்கு. நனைய விடல."

நொயெமீயிடம் நீட்டினான். நீட்டிய பிறகுதான் குழந்தையைப் பார்த்தான்.

போர்வையை ஒளிக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. மஞ்சள் போர்வை, அவன் வாங்கித் தந்தது, க்ளெலியின் கழுத்து வரைக்கும் சுற்றியிருந்தது. நொயெமீ குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவன் அந்தப் போர்வையின் ஓரத்தை விரலால் தொட்டான். கூரையிலிருந்து ஒரு சொட்டு குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் விழுந்தது.

அவன் விரிப்பைப் பிரித்துக் குழந்தையின் மேல் போர்த்தினான்.

"ரெண்டா இருக்கட்டும்," என்றான். "இங்க ஒழுகுது."